அமெரிக்க ஏவுகணை வீடியோவில் ஒளிந்திருக்கும் திருச்சி கதை!

கறுப்பு வெள்ளைப் படம். பொட்டல் வெளி. நடுவே சாய்வாக நிமிர்த்திய எஃகுத் தாங்கியில் ஒல்லியாக ஒரு வெள்ளை ஏவுகணை. திடீரென்று புகை. கண் சிமிட்டுவதற்குள் அது திரையைவிட்டே பறந்துவிடுகிறது. கேமரா தடுமாறி மேலே தேடிப் பிடிக்கும்போது, தடித்த அடிப்பாகம் தனியாகக் கழன்று விழுகிறது. மெலிந்த மேல்பாகம் மட்டும் வானத்தைக் கிழித்துக்கொண்டு போகிறது.

யூடியூபில் பழைய அமெரிக்க ராணுவப் படங்களைத் தேடினால் இந்தக் காட்சி கண்ணில் படாமல் இருக்காது. ஏவுகணையின் பெயர் நைக் அஜாக்ஸ். நைக் என்பது கிரேக்கர்களின் வெற்றித் தெய்வத்தின் பெயர். ஷூ கம்பெனி அதே பெயரை வைத்துக்கொண்டது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

'சரி, அமெரிக்கப் பாலைவனத்தில் பறந்த ஏவுகணைக்கும் மலைக்கோட்டைக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கழன்று விழுகிறதே அந்த அடிப்பாகம், அதில்தான் இருக்கிறது.

நகரங்களுக்குக் காவல் நின்ற ஏவுகணை

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. சோவியத் யூனியனின் குண்டுவீச்சு விமானங்கள் அணுகுண்டுகளோடு தங்கள் நகரங்களுக்கு மேலே வந்துவிட்டால் என்ன செய்வது? அவை பறக்கும் உயரத்துக்குப் பழைய பீரங்கிகள் எட்டாது. அதற்கான பதிலாகப் பிறந்ததுதான் நைக். தரையிலிருந்து கிளம்பி, ரேடார் வழிகாட்டுதலில் வானில் விமானத்தைத் துரத்தி அழிக்கும் ஏவுகணைகளில், படையில் முறையாகச் சேர்க்கப்பட்ட முதல் ரகம் இது.

1951 நவம்பரில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஒயிட் சாண்ட்ஸ் சோதனைத் தளத்தில், ஆளில்லாமல் பறக்கவிடப்பட்ட ஒரு பி-17 விமானத்தை நைக் தாக்கியது. பி-17 என்பது ஜெர்மனி மீது குண்டு வீசி அமெரிக்கர்களின் செல்லப்பிள்ளையாக இருந்த விமானம். போர் முடிந்து ஆறே ஆண்டுகளில் அது இலக்குப் பலகை ஆகிவிட்டது!

1954-ல் மேரிலாண்ட் மாநிலத்தின் ஃபோர்ட் மீட் தளத்தில் நைக் காவலுக்கு நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் நியூயார்க், சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ என்று பெரிய நகரங்களைச் சுற்றி இருநூறுக்கும் மேற்பட்ட தளங்கள் முளைத்தன. வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் பக்கத்திலேயே, நிலத்தடி அறைகளில் ஏவுகணைகள் படுத்திருக்கும். எச்சரிக்கை மணி அடித்தால் லிஃப்ட் வழியாக மேலே வரும்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் பயப்படாமல் இருக்க வேண்டுமே! அதற்குத்தான் சினிமா. அமெரிக்க ராணுவம் 'தி பிக் பிக்சர்' என்ற தொடரைத் தானே தயாரித்து, நாடு முழுவதும் உள்ள தொலைக்காட்சி நிலையங்களுக்குக் கொடுத்தது. மிடுக்கான பின்னணிக் குரல், அணிவகுப்பு இசை, சிரித்த முகத்தோடு வீரர்கள், சீறிப் பாயும் ஏவுகணை. பார்ப்பவர்களுக்கு 'நம்மைக் காக்க இவர்கள் இருக்கிறார்கள்' என்ற நிம்மதி வர வேண்டும். இன்று செல்போனில் வலம்வரும் பழைய காட்சிகளில் பெரும்பகுதி இப்படி எடுக்கப்பட்டவைதான்.

1958 மே 22 அன்று நியூ ஜெர்சியின் மிடில்டவுன் தளத்தில் எட்டு நைக் ஏவுகணைகள் வெடித்துச் சிதறி, பத்துப் பேர் உயிரிழந்தனர். மக்களுக்கு நிம்மதி தருவதற்காக எடுத்த படங்களில் இப்படிப்பட்ட நாள்களுக்கு இடம் இருக்கவில்லை.

தெப்பக்குளம் பக்கத்துக் கல்லூரியிலிருந்து...

நைக் தளங்கள் அமெரிக்காவில் எழும்பிக்கொண்டிருந்த அதே காலம். திருச்சி தெப்பக்குளத்துக்கு அருகே இருக்கும் செயின்ட் ஜோசப் கல்லூரி விடுதியில் ராமேஸ்வரத்து இளைஞர் ஒருவர் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். 1950-ல் இன்டர்மீடியட்டில் சேர்ந்து, 1954-ல் பி.எஸ்ஸி இயற்பியல் முடித்த அவர், ஆ.ப.ஜெ.அப்துல் கலாம்.

1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-ல் திருச்சிக்கு இடம்பெயர்ந்த கல்லூரி அது. அங்கே சின்னதுரை, கிருஷ்ணமூர்த்தி ஆகிய பேராசிரியர்கள்தான் அணுவுக்குள் இருக்கும் உலகத்தைத் தனக்குத் திறந்துகாட்டியவர்கள் என்று பிற்காலத்தில் கலாம் நன்றியோடு எழுதினார். ஆனால், பட்டம் வாங்கிய பிறகுதான் தனக்கு வேண்டியது பொறியியல் என்பது அவருக்குப் புரிந்தது. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் இடம் கிடைத்தது. கட்டணம் சுமார் ஆயிரம் ரூபாய். அந்தக் குடும்பத்துக்கு அது மலை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார்.

எம்.ஐ.டி வளாகத்தில் மாணவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காக, பறப்பதிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட இரண்டு விமானங்களை நிறுத்தியிருந்தார்கள். மற்றவர்கள் விடுதிக்குப் போன பிறகும் கலாம் அவற்றின் அருகிலேயே உட்கார்ந்திருப்பாராம். விமானப் பொறியியலை அவர் தேர்ந்தெடுக்க அந்த இரண்டு பழைய விமானங்களும் ஒரு காரணம்.

பிறகு பாதுகாப்புத் துறையில் வேலை. அதன்பின் விக்ரம் சாராபாயின் குழுவில் இடம். திருவனந்தபுரம் அருகே தும்பா என்ற மீனவ கிராமத்தில் ராக்கெட் ஏவுதளம் அமைக்க முடிவானதும், ராக்கெட்டைக் கையாளப் பழகிவர சில இளைஞர்கள் அமெரிக்காவின் நாசாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் கலாமும் ஒருவர். வர்ஜீனியாவில் லாங்லி, மேரிலாண்டில் கோடார்ட், கடைசியாக அட்லான்டிக் கரையிலிருக்கும் வாலப்ஸ் தீவு ஏவுதளம்.

வாலப்ஸ் வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியம் மாட்டியிருந்தது. போர்க்களம், பின்னணியில் பாயும் ராக்கெட்டுகள். ராக்கெட் விடும் பக்கத்தில் நின்ற வீரர்களின் முகங்கள் வெள்ளையர் முகங்களாக இல்லை. அருகே போய்ப் பார்த்தபோதுதான், அது ஆங்கிலேயரை எதிர்த்துத் திப்பு சுல்தானின் படை ராக்கெட் வீசும் காட்சி என்பது கலாமுக்குத் தெரிந்தது. திப்புவின் சொந்த மண் மறந்துபோன ஒன்றை, உலகத்தின் மறுகோடியில் இருப்பவர்கள் மதித்து மாட்டி வைத்திருக்கிறார்களே என்று அவர் வியந்ததை 'அக்னிச் சிறகுகள்' படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சர்ச்சில் பூட்டிய ராக்கெட்

கலாம் திரும்பி வந்த கொஞ்ச நாளிலேயே தும்பாவுக்கு அந்த ராக்கெட் வந்துசேர்ந்தது. பெயர், நைக்-அப்பாச்சி.

ஆம், அதே நைக்! அமெரிக்க நகரங்களைக் காத்த ஏவுகணையின் அடிப்பாகம் இருக்கிறதே, ஏறக்குறைய மூன்றே விநாடி எரிந்து, ஏவுகணையை ஒலியின் வேகத்துக்கும் மேலே தள்ளிவிட்டுக் கழன்று விழும் திட எரிபொருள் மோட்டார், அதை நாசா தன் ஆய்வு ராக்கெட்டுகளுக்கு முதல் அடுக்காக வைத்துக்கொண்டது. மேலே அப்பாச்சி என்ற இன்னொரு மோட்டாரைப் பொருத்தினால், வெடிகுண்டுக்குப் பதிலாக விஞ்ஞானக் கருவிகளை 200 கிலோமீட்டர் உயரம் வரை ஏற்றிவிடலாம். விமானத்தை வீழ்த்தச் செய்த மோட்டார், காற்றுமண்டலத்தை அளக்கப் பயன்பட்டது.

தும்பாவில் அப்போது கட்டடங்கள் கிடையாது. மீனவ மக்கள் விட்டுக்கொடுத்த புனித மரிய மக்தலேனா தேவாலயமும் பிஷப் இல்லமும்தான் அலுவலகம், பணிமனை எல்லாம். தேவாலயக் கட்டடத்தில்தான் ராக்கெட்டைப் பூட்டினார்கள். ராக்கெட்டை ஒருங்கிணைப்பதும் பாதுகாப்பும் கலாமின் பொறுப்பு. பக்கத்தில் ஈஸ்வரதாஸ், அரவமுதன் என்ற இரு சகாக்கள்.

1963 நவம்பர் 21. ராக்கெட்டை லாரியில் ஏற்றி ஏவுதாங்கிக்குக் கொண்டுவந்தார்கள். கிரேன் தூக்க ஆரம்பிக்கும்போது ராக்கெட் சாய்ந்தது. கிரேனின் ஹைட்ராலிக் அமைப்பில் கசிவு! மாலை நெருங்கிவிட்டது. பழுதுபார்க்க நேரமில்லை. அங்கிருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து, கையால் பிடித்துத் தூக்கி ராக்கெட்டை ஏவுதாங்கியில் உட்கார வைத்தார்கள். மாலை 6.25 மணிக்கு அது சீறிக் கிளம்பியது. உயரத்தில் அது கக்கிய சோடியம் ஆவி, சூரியன் மறைந்த வானத்தில் ஆரஞ்சு நிற மேகமாக விரிந்தது. அந்த மேகம் நகரும் விதத்தைப் படமெடுத்து, மேல் வானத்துக் காற்றின் வேகத்தைக் கணக்கிட்டார்கள்.

இந்திய விண்வெளிப் பயணம் தொடங்கியது அந்த மாலையில்தான். மறுநாளே அமெரிக்காவில் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். உலகச் செய்தித்தாள்களின் முதல் பக்கங்களை அந்தத் துயரம் எடுத்துக்கொண்டது.

ஆக, யூடியூபில் கழன்று விழும் அந்தத் தடித்த அடிப்பாகத்தின் உடன்பிறப்பு ஒன்றை, திருச்சியில் படித்த ஒருவர் தும்பாவில் தன் சகாக்களோடு கைகொடுத்துத் தூக்கியிருக்கிறார்.

காயலான் கடைக்குப் போகாத விமானங்கள்

ஏவுகணைக்கு முன்பே அமெரிக்கப் போர் விமானங்கள் நம் பக்கம் வந்துவிட்டன. இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவை ஜப்பான் பிடித்ததும், தென்னிந்தியாவும் இலங்கையும் போரின் பின்கட்டாக மாறின. 1928-ல் ரயில் இன்ஜின்களுக்காகத் திருச்சியில் இயங்கத் தொடங்கிய பொன்மலை பணிமனையில், போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் விமானங்களையும் பழுதுபார்த்தார்கள்.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், திருகோணமலையின் சீனன்குடா தளம். 1944 ஆகஸ்ட் 10 அன்று, அந்தக் காலத்தின் மிகப் பெரிய குண்டுவீச்சு விமானமான அமெரிக்காவின் பி-29 ரகத்தைச் சேர்ந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் அங்கிருந்து கிளம்பின. போன இடம், ஜப்பான் பிடியிலிருந்த சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. போய்வர ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் இறங்க இடமே இல்லாத அந்தப் பயணம், உலகப் போரின் மிக நீண்ட குண்டுவீச்சுப் பயணங்களில் ஒன்று.

ஆனால், சேமிப்பு என்று வரும்போது பி-24 லிபரேட்டரின் கதைதான் சுவாரசியம். பதினெட்டாயிரத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட அமெரிக்க விமானம் அது. போர் முடிந்ததும் கான்பூரில் ஏராளமான லிபரேட்டர்களை விட்டுச் சென்றார்கள். சும்மா விட்டுப் போகவில்லை. யாரும் மறுபடி பறக்கவிட முடியாதபடி அடித்து நொறுக்கிவிட்டே போனார்கள். சுதந்திர இந்தியாவிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் கிடையாது, வாங்கப் பணமும் கிடையாது. பெங்களூரு ஹெச்.ஏ.எல் பொறியாளர்கள் அந்தக் குப்பைமேட்டுக்குப் போனார்கள். ஒன்றின் இறக்கை, இன்னொன்றின் இன்ஜின் என்று ஒட்டவைத்து, ஓரளவு பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகப் பெங்களூருக்குப் பறக்கவைத்தார்கள். சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி அதை உயிரைப் பணயம் வைத்துச் செய்தார். இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட லிபரேட்டர்கள் மறுபிறவி எடுத்து, 1968 வரை இந்திய விமானப்படையில் இருந்தன.

அமெரிக்காவிலோ, மிச்சமிருந்த லிபரேட்டர்களை ஆயிரக்கணக்கில் உருக்கி அலுமினியமாக்கிவிட்டார்கள். பின்னால் அருங்காட்சியகங்கள் ஒரு லிபரேட்டராவது கிடைக்காதா என்று தேடியபோது, கையை நீட்டியது இந்தியாவிடம்தான்! அரிசோனாவின் பீமா விமான அருங்காட்சியகத்தில் நிற்கும் லிபரேட்டர் 1969-ல் இந்தியாவிலிருந்து பறந்துபோனது. பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருப்பதும் இந்தியா கொடுத்ததே. பழைய படங்களில் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் அந்த விமானத்தை இன்று நேரில் பார்க்க முடிகிறது என்றால், அதற்கு நம் ஊர் மெக்கானிக்குகளின் கையும் ஒரு காரணம்.

படம் சொல்லாமல் விட்டவை

விமானத்தைக் காப்பாற்றலாம். உண்மையைக் காப்பாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை.

1946-ல் பசிபிக் கடலின் பிகினி தீவில் அணுகுண்டு சோதனைக்கு அமெரிக்கா தயாரானது. நூற்றுக்கணக்கான கேமராக்கள் தயார். தீவில் காலங்காலமாக வாழ்ந்த 167 பேரை வெளியேற்ற வேண்டும். கடற்படை அதிகாரி பென் வயாட், மனிதகுல நன்மைக்காகத் தீவை விட்டுத்தரச் சொல்லி அவர்களிடம் கேட்பதும், தலைவர் ஜூடா சம்மதிப்பதும் படத்தில் இருக்கின்றன. பார்த்தால் அந்த நேரத்தில் தற்செயலாக எடுத்ததுபோல இருக்கும். உண்மையில், சம்மதம் முன்பே வாங்கப்பட்டுவிட்டது. கேமராவுக்காக அதே காட்சியைத் திரும்பத் திரும்ப நடிக்கவைத்து எடுத்தார்கள். அந்த மக்களால் இன்றுவரை ஊர் திரும்பி நிம்மதியாக வாழ முடியவில்லை. குண்டு வெடிக்கும் காட்சிதான் உலகப் புகழ் பெற்றது.

ஹிரோஷிமா கதை இன்னும் கனமானது. 1945-ல் குண்டு விழுந்த பிறகு, ஜப்பானியப் படக்குழு ஒன்று ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அழிவைப் படம்பிடித்தது. அமெரிக்க ராணுவம் அந்தச் சுருள்களைக் கைப்பற்றி ரகசியமாக்கியது. அமெரிக்க விமானப்படையின் டேனியல் மெக்கவர்ன் குழு 1946-ல் வண்ணத்தில் எடுத்த காட்சிகளும் பல பத்தாண்டுகள் வெளியே வரவில்லை. காளான் மேகத்தை மட்டும் உலகம் பார்த்தது. மேகத்துக்குக் கீழே இருந்த மனிதர்களைப் பார்க்கவில்லை.

ஜப்பானியச் சுருள்கள் 1967-ல் ஜப்பானுக்குத் திரும்பிய பிறகு, கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் பர்னோ விடாமல் துரத்தி அவற்றின் பிரதியைப் பெற்றார். 1970-ல் 16 நிமிடப் படமாக வெளியிட்டார். அமெரிக்கர்கள் பலர் அப்போதுதான் முதன்முறையாக அந்தக் காயங்களைக் கண்டார்கள்.

இங்கேயும் திருச்சிக்கு ஒரு நூல் நீள்கிறது. இதே பர்னோதான், தன் மாணவரான சென்னை ஆவணப்பட இயக்குநர் எஸ்.கிருஷ்ணசாமியோடு சேர்ந்து, 1963-ல் இந்திய சினிமா வரலாற்றை 'இந்தியன் ஃபிலிம்' என்ற நூலாக எழுதியவர். கிருஷ்ணசாமியின் தந்தை, இயக்குநர் கே.சுப்ரமணியம். திருச்சியில் வளர்ந்து, நாடக மேடையில் பாடிக்கொண்டிருந்த எம்.கே.தியாகராஜ பாகவதரை 1934-ல் 'பவளக்கொடி' மூலம் திரைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான்!

வினிகர் வாசனை

இத்தனை அமெரிக்கப் படங்கள் எப்படி இலவசமாக நம் கைக்கு வருகின்றன? காரணம், அவர்களின் சட்டம். அமெரிக்க மத்திய அரசு ஊழியர்கள் பணியின் பகுதியாக எடுக்கும் படங்களுக்கு அங்கே காப்புரிமை கிடையாது. மக்கள் வரிப்பணத்தில் எடுத்தது, மக்களுக்கே சொந்தம். ரகசிய முத்திரை விலகியதும் அவை தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகின்றன. யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், யூடியூபில் போடலாம்.

ஆனாலும், சட்டம் மட்டும் ஃபிலிமைக் காப்பாற்றாது. 1945 முதல் 1962 வரை அமெரிக்கா வானிலும் தரைக்கு மேலும் நடத்திய 210 அணுகுண்டு சோதனைகள் சுமார் 10,000 ஃபிலிம்களில் பதிவாகின. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தின் இயற்பியலாளர் கிரெக் ஸ்ப்ரிக்ஸ் அவற்றைத் தேடிப் போனபோது, பல டப்பாக்களைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தது. அசிட்டேட் ஃபிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டால் வரும் வாடை அது. அவசர அவசரமாக ஸ்கேன் செய்தார்கள். 2017-ல் ஒரு பகுதியைப் பொதுவில் வெளியிட்டார்கள். ஸ்கேன் செய்த படங்களை வைத்து மறுபடி அளந்தபோது, கையால் அளந்த பழைய கணக்குகளில் சில 20, 30 சதவீதம் வரை பிசகியிருந்தது தெரிந்தது. சேமித்து வைத்ததால்தான் தப்பைக் கண்டுபிடிக்க முடிந்தது.

நம் நிலைமை? தென்னிந்தியாவின் முதல் சினிமாக்காரர் என்று போற்றப்படும் சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வே வரைவாளராக வேலை பார்த்தவர். 1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி, திருச்சியில் தொடங்கி ஊர் ஊராகக் காட்டினார். அப்படிப்பட்ட பாரம்பரியம் உள்ள மண் இது. ஆனால், தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்று இல்லை. 1931-ல் வந்த முதல் தமிழ் பேசும்படம் 'காளிதாஸ்' படத்துக்கும் பிரதி இல்லை. 2003 ஜனவரியில் புனே திரைப்படக் கல்லூரி வளாகத்தில் ஏற்பட்ட தீயில் சுமார் 1,700 பழைய நைட்ரேட் படங்கள் சாம்பலாகின. ஆளில்லா விமானத்தைத் தாக்கிய சோதனை பத்திரமாக இருக்கிறது. நம் தாத்தாக்கள் திரையில் முதன்முதலாகத் தமிழ் கேட்ட படம் இல்லை.

ஸ்ரீரங்கத்துக்காரர் சொன்ன மூன்று கேள்விகள்

செயின்ட் ஜோசப் கல்லூரியில் கலாம் படித்த அதே காலத்தில் ஸ்ரீரங்கத்து இளைஞர் ஒருவரும் இயற்பியல் படித்தார். பெயர் ரங்கராஜன். பாட்டி வீட்டில் வளர்ந்தவர். அவரும் அடுத்து எம்.ஐ.டி-க்குத்தான் போனார். அவர் எடுத்தது எலெக்ட்ரானிக்ஸ். சிவில் விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை, பிறகு பெங்களூரு பி.இ.எல் நிறுவனம். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கும் பங்கு உண்டு. நமக்கு அவர், எழுத்தாளர் சுஜாதா.

ஸ்ரீரங்கத்து வீதிகளையும் கிரிக்கெட் பையன்களையும் கதைகளில் உயிரோடு உலவவிட்ட அவர், ஜூனியர் விகடனில் வாசகர்களின் அறிவியல் சந்தேகங்களுக்குப் பதில் எழுதினார். அந்தப் பகுதியின் தலைப்பு, 'ஏன்? எதற்கு? எப்படி?' செல்போனில் போர்க் காட்சி வந்து விழும்போதெல்லாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளும் அவைதான்.

2025 மே மாதம் இந்தியா - பாகிஸ்தான் மோதலின்போது வாட்ஸ்அப்பில் என்னவெல்லாம் வந்தன என்பது நினைவிருக்கும். எங்கோ, என்றோ எடுத்த பழைய வீடியோக்கள் 'இப்போது நடந்தது' என்று சுற்றின. கம்ப்யூட்டர் கேம் காட்சிகள்கூட நிஜத் தாக்குதலாகப் பகிரப்பட்டன. மத்திய அரசின் பி.ஐ.பி உண்மை சரிபார்ப்புக் குழு ஒவ்வொன்றாக மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது. எல்லைப் பகுதியில் பிள்ளையை ராணுவத்துக்கு அனுப்பிவிட்டுத் திருச்சியில் காத்திருக்கும் தாய்க்கு, அப்படி ஒரு பொய் வீடியோ என்ன செய்யும் என்று யோசித்தால் போதும்.

அடுத்த முறை ஏவுகணை வீடியோ வந்தால்...

ஏன் எடுத்தார்கள்? ராணுவம் விளம்பரத்துக்காக எடுத்ததா, விஞ்ஞானி அளப்பதற்காக எடுத்ததா, சாட்சியாக யாராவது எடுத்ததா என்று பாருங்கள். பின்னணி இசையும் முழக்கமும் இருந்தால், யாரோ அதை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எதற்கு இப்போது அனுப்புகிறார்கள்? தேதி, இடம், எடுத்தவர் பெயர் எதுவும் இல்லாமல் 'உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்' என்று மட்டும் இருந்தால், அனுப்பாதீர்கள்.

எப்படி வந்தது? வீடியோவை நிறுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் தேடுங்கள். ஏற்கெனவே வேறு தேதியில், வேறு நாட்டின் பெயரில் வந்திருந்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

இதே மூன்று கேள்விகளை வீட்டு பீரோவிடமும் கேட்கலாம். அப்பா, அம்மாவின் கல்யாண வீடியோ கேசட், தாத்தாவின் சஷ்டியப்தபூர்த்தி, சித்திரைத் தேரன்று யாரோ எடுத்த ஒரு மணி நேரப் பதிவு... வி.ஹெச்.எஸ் கேசட்டுகளில் ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்துவிடும். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள். நாடா அறுந்துவிடும், பிளேயரும் கெடும். கேசட்டை டிஜிட்டலாக மாற்றித் தரும் ஸ்டூடியோக்களிடம் கொடுத்து, இரண்டு பிரதிகளாக வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.

மாற்றிக் கொடுத்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். பந்தியில் பரிமாறுவது யார், நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் நிற்கும் பையன் யார், ஓரத்தில் தெரியும் அந்த வீடு யாருடையது என்று அவர் சொல்லச் சொல்ல, ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அது கேசட்டில் இல்லை. பாட்டிக்கு மட்டும்தான் தெரியும்.